கதைய பாதியில நிறுத்திட்டு புள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க: புது டீச்சர்மாருக்கு ஒரு செய்முறை

ஒக்டோபர் வந்தா வாசிப்பு மாதம்னு எல்லா ஸ்கூல்லயும் ஒரு பேனர் தொங்கும், பேச்சுப்போட்டி நடக்கும், புத்தக அலுமாரிய தூசி தட்டி போட்டோ எடுப்பாங்க, நவம்பர்ல அலுமாரிக்கு திரும்பவும் பூட்டு. கதைன்னா என்னான்னு புள்ளைங்கள கேட்டா "கடைசியில நீதி எழுதணும் டீச்சர்"ன்னு சொல்லுதுங்க. இத நான் எழுதுறது தரம் 3, 4, 5 எடுக்கிற புது டீச்சர்மாருக்கும், மலையகத் தேயிலைத் தோட்டத்துல மாலை வகுப்பு நடத்துற தம்பி தங்கச்சிமாருக்கும். பெரிய காசு வேணாம், ப்ரொஜெக்டரும் வேணாம், ஆனா ஒரே ஒரு விஷயத்துல பிடிவாதமா இருக்கணும், அது என்னான்னா கதைய முடிச்சிட்டு ட்ரிப் போகக்கூடாது, கதை பாதியில நிக்கும்போதே போகணும்.

நம்ம பக்கம் வழக்கமா நடக்கிறது தெரியும்தானே, பாடம் முடிஞ்சு, பரீட்சை முடிஞ்சு, வருஷக் கடைசியில "கல்விச் சுற்றுலா"ன்னு ஒரு பஸ், பாட்டு, ஐஸ்கிறீம், வீட்டுக்கு வந்து "நான் சென்ற சுற்றுலா" கட்டுரை. அதுல புள்ளைங்களுக்கு தேடுறதுக்கு ஒண்ணுமே இல்ல. புத்தகத்துல பதில் இல்லாத ஒரு கேள்வி கையில இருந்தா மட்டும்தான் அதுங்க ஒரு மரத்தையோ மிருகத்தையோ நின்னு பாக்கும்.

முதல் வேலை, கதைய தெரிவு செய்றது

நீளமான கதை வேணாம். பத்து நிமிஷத்துல வாசிச்சு முடிக்கிற கதை, அதுல போய்ப் பாத்தோ செஞ்சு பாத்தோ கண்டுபிடிக்கக்கூடிய ஒரு சந்தேகம், இது ரெண்டும் இருந்தா போதும். முதலையப் பாக்காத புள்ளைங்களுக்கு குரங்கு முதலைக் கதை சொல்லவே கூடாதுன்னு இல்ல, ஆனா மொதத் தடவைக்கு கிட்டத்துல கெடைக்கிற சாமானா எடுங்க. நான் இங்க மூணு கதைய வச்சு சொல்றேன், மூணும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்: பானையில கல்லு போட்ட காக்கா, பறவைக்கும் மிருகத்துக்கும் நடந்த சண்டையில கட்சி மாறின வௌவால், அனுமார் தூக்கிட்டு வந்த சஞ்சீவி மலை.

ரெண்டாவது, வாசிச்சுக் காட்டுறது

புள்ளைங்க கையில புத்தகம் கொடுக்காதீங்க, நீங்க வாசிங்க, அதுங்க கேக்கட்டும். நடுவுல நிறுத்தி "இதுக்கு என்னா கருத்து"ன்னு கேக்கவே வேணாம், தெரியாத சொல் வந்தா கூட கதையோட ஓட்டத்துலயே முக்கால்வாசி வெளங்கிடும். நம்ம ஸ்கூல்கள்ல ஒரு மண்டபத்துக்குள்ள மூணு நாலு வகுப்பு, நடுவுல ஒரு தட்டி, அந்தப் பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு சத்தம், அப்படின்னா கூசாம வெளிய மரத்தடிக்கோ படிக்கட்டுக்கோ கூட்டிட்டுப் போயிருங்க. மொதல்லயே அதிபர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சா பிரச்சினை இல்ல.

முக்கியமானது எங்க நிறுத்துறதுங்கறது. காக்கா கல்லு பொறுக்கப் போகும்போது நிறுத்துங்க. வௌவால ரெண்டு பக்கமும் விரட்டப் போற நேரம் நிறுத்துங்க. அனுமார் மலைக்கு மேல நின்னு எது சஞ்சீவின்னு தெரியாம முழிக்கும்போது நிறுத்துங்க. முழுக் கதையும் ஏற்கனவே தெரிஞ்ச புள்ள ஒண்ணு கண்டிப்பா இருக்கும், "டீச்சர் எனக்கு தெரியும்"னு குதிக்கும், "சரி, தெரிஞ்சது உண்மையான்னு பாப்போம்"னு சொல்லிட்டு புத்தகத்த மூடுங்க.

மூணாவது, வகுப்புக்குள்ள செய்றது

காக்கா கதை ரொம்ப சுலபம். ஒரே அளவுல ரெண்டு தண்ணி போத்தல எடுத்து கழுத்துப் பக்கத்த வெட்டிடுங்க, ஒண்ணுல பாதிக்கு மேல தண்ணி, மத்ததுல காவாசி. ரோட்டுக்குப் போடுற சின்ன மெட்டல் கல்லா பாத்து, ஏறக்குறைய ஒரே சைஸ்ல பொறுக்கிட்டு வரச் சொல்லுங்க. போடப் போட முதல் போத்தல்ல தண்ணி விளிம்புக்கு வந்துடும். ரெண்டாவதுல கல்லு வாய் வரைக்கும் நெரம்பிடும், தண்ணி கீழயே நிக்கும். அந்த நேரம் வகுப்புல ஒரு அமைதி வரும் பாருங்க, ஏன்னா எல்லாரும் இவ்வளவு நாளா காக்கா கெட்டிக்காரன்னுதானே நெனச்சிட்டு இருந்தாங்க. காரணம் இதுதான், ஒரே சைஸ் கல்ல குவிச்சா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல உள்ள எடைவெளி மட்டும் மொத்த எடத்துல ஏறக்குறைய 40 சதவீதம் வரும், தண்ணி அதுக்கும் கொறஞ்சா எடைவெளிய நெரப்பறதுக்கே சரியாப் போயிடும். ஒடனே இத சொல்லிடாதீங்க. பெரிய கல்லோட பொடிக் கல்லையும் கலந்து போட்டா என்னாகும்னு கேட்டுட்டு சும்மா இருங்க, தண்ணி இன்னும் கொஞ்சம் மேல வர்றத அதுங்களே பாத்துடும். இப்ப கதைய மிச்சம் வாசிங்க. பானையில தண்ணி எவ்வளவு இருந்திருக்கணும்னு கணக்குப் போடுற புள்ளைங்க எனக்கு நீதி எழுதுற புள்ளைங்கள விட பிடிக்கும்.

வௌவால் கதைக்கு வகுப்பயே கோர்ட்டா மாத்திடுங்க. பறவைங்க ஜெயிக்கும்போது "எனக்கு செட்டை இருக்கு"ன்னு அந்தப் பக்கம், மிருகங்க ஜெயிக்கும்போது "எனக்கு பல்லு இருக்கு"ன்னு இந்தப் பக்கம், கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து வழக்கு போடுறாங்க. நீதிபதி ஒருத்தர் வேணாம், மூணு பேரப் போடுங்க, இல்லாட்டி கெட்டிக்காரப் புள்ளை ஒண்ணே எல்லாத்தையும் முடிச்சிடும். பறவைங்க தரப்புக்கு ஒரு வக்கீல், மிருகங்க தரப்புக்கு ஒண்ணு, வௌவாலுக்கு ஒண்ணு, மத்தவங்க சாட்சி. வாயே தெறக்காத புள்ளைக்கு கோர்ட் எழுதுவினைஞர் வேலைய கொடுங்க, முன்னுக்கு மேசை போட்டு ஒரு சீஆர் கொப்பியும் கொடுங்க, மத்தவங்க பேசுறத எழுதி வாசிக்கிற வேலைன்னதும் அந்தப் புள்ள நிமிந்து உக்காரும். குழப்படிக்காரப் பையனப் புடிச்சு வௌவாலா போடாதீங்க, எல்லாரும் அவனயே உண்மையா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்.

வௌவாலுக்கு செட்டைக்கு பழைய கறுப்புக் குடை போதும், நம்ம ஊர்ல ஒடஞ்ச குடைக்கு என்னா பஞ்சம். பிடியக் கழட்டிட்டு துணியையும் கம்பியையும் ரெண்டா வெட்டி, வெட்டின முனைக்கெல்லாம் பிளாஸ்டர் சுத்தி, புள்ளையோட ரெண்டு கையிலயும் ரிப்பனால கட்டுங்க. கைய விரிச்சா கம்பி விரியும். உண்மையான வௌவாலுக்கும் செட்டைக்குள்ள நீட்டு நீட்டா இருக்கிறது குடைக் கம்பி மாதிரியான விரல் எலும்புதான், அத புள்ளைங்க கையாலயே புரிஞ்சுக்கும். ரெண்டு பக்கமும் பேசி முடிஞ்சதும் தீர்ப்பு சொல்ல விடாதீங்க. "சாட்சி பத்தாது, வழக்கு ஒத்திவைக்கப்படுது, நேர்ல போய் பாத்துட்டு வந்து தீர்ப்பு"ன்னு நீதிபதி அறிவிக்கட்டும். வௌவால் முட்டை போடுமா குட்டி போடுமா, தூங்குறது எப்படி, என்னா தின்னும், யார்கூட இருக்கும்னு புள்ளைங்க கேட்ட சந்தேகமெல்லாம் டெமை பேப்பர்ல, அதான் அந்தப் பெரிய தாள்ல, எழுதி செவுத்துல ஒட்டிடுங்க. ட்ரிப்புக்கு அந்தப் பேப்பர்தான் பிளான்.

நாலாவது, தோட்டத்துக்குள்ள ஒரு நடை

பஸ் ட்ரிப்புக்கு முந்தி நடந்து போற ட்ரிப் ஒண்ணு கட்டாயம் செய்ங்க, அதுல பழகினாத்தான் தூரம் போகும்போது சமாளிக்கலாம். இதுக்கு சஞ்சீவிக் கதை.

அனுமாருக்கு எல்லாரும் மூலிகையோட பேரச் சொன்னாங்க, ஆனா பாத்து அடையாளம் கண்டுபிடிக்கிறதுதானே கஷ்டம், அதனால மலையையே தூக்கிட்டாரு. விளையாட்டும் அதேதான். வகுப்ப ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதி மொத நாள் போய் ஆளுக்கொரு செடியத் தெரிவு செஞ்சு, பேரு எழுதாம அத பத்தி மட்டும் எழுதிட்டு வரணும், எலை எத்தனை, ஓரம் எப்படி, கசக்காம மோந்தா மணம் வருதா, எங்க நிக்குது. மத்தப் பாதி அடுத்த நாள் அந்தத் துண்ட மட்டும் வச்சு செடியத் தேடணும். "பச்சை எலை, சின்னது"ன்னு எழுதின புள்ளையோட செடிய யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, அப்ப அந்தப் புள்ளைகிட்ட எதிரணி வந்து சண்டை போடும், "எல்லா எலையும் பச்சைதானே"ன்னு. வர்ணனை எழுதுறதுன்னா என்னான்னு நீங்க ஒரு மாசம் போர்ட்ல எழுதி படிச்சுக் கொடுக்கிறத அந்த சண்டை ஒரு பீரியட்ல படிச்சுக் கொடுத்துடும். அடுத்த தடவ "எலை வட்டமா, ஓரம் பல்லு பல்லா, தரையோட படர்ந்து கானுக்குப் பக்கத்துல ஈரத்துல நிக்குது"ன்னு வல்லாரைய எழுதுவாங்க. செடியப் பிடுங்கறதும் வாயில வைக்கிறதும் கூடவே கூடாது, அத மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க.

போறதுக்கு முந்தி தோட்டத்து ஒபீசுல கேளுங்க, கங்காணிகிட்டயும் கேளுங்க, அன்னைக்கு எந்த மலையில மருந்து அடிக்கிறாங்க, எந்தப் பக்கம் குளவிக்கூடு இருக்குன்னு. ஒபீசுல பர்மிஷன் கெடைக்கும், ஆனா குளவிக்கூடு எங்கன்னு கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்குத்தான் தெரியும். குளவி கலைஞ்சா கையத் தட்டி வீசாம தலைய மூடிக்கிட்டு வந்த வழியே வெலகிப் போகணும்னு வகுப்புலயே ஒருக்கா நடிச்சுப் பாருங்க. கொட்டு வாங்கின புள்ளைய வீட்டுக்கு அனுப்பாம நேரா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. மழைக்குப் பொறகுன்னா அட்டை இருக்கும், காலுறைக்கு மேல சவுக்காரம் தேச்சிட்டுப் போனா கொஞ்சம் கொறயும், உப்பு ஒரு பொட்டலம் வச்சுக்குங்க. விடியக்காலையும் பொழுது சாயுற நேரமும் வேணாம், சிறுத்தை நடமாட்டம் உள்ள பக்கம்னா சொல்லவே வேணாம்.

அஞ்சாவது, தூரத்து ட்ரிப்

வௌவால் வழக்குக்கு பேராதனை பூங்காதான் எடம். 1821ல தொடங்கின தோட்டம், மகாவலி மூணு பக்கமும் சுத்தி ஓடுது, பழந்தின்னி வௌவால் கூட்டம் கூட்டமா பெரிய மரங்கள்ல பகல் முழுக்கத் தலைகீழாத் தொங்கும். வெயில் ஏறினா செட்டைய விசிறி விசிறி ஆத்திக்கும், ஒண்ணோட ஒண்ணு எடத்துக்கு சண்டை போடும், சத்தமும் வீச்சமும் தூரத்துலயே தெரியும். அஞ்சு புள்ளைக்கு ஒரு பெரியவர், ஒவ்வொரு குழுவுக்கும் டெமை பேப்பர்ல இருந்து ஒரே ஒரு கேள்வி. ஒரு எடத்துல அரை மணித்தியாலம் உக்கார வைங்க, தலையில தொப்பி இருக்கட்டும், காரணம் மேல அண்ணாந்து பாத்தா தெரியும். கையத் தட்டி வௌவாலக் கலைக்க விடாதீங்க. தாயோட நெஞ்சுல குட்டி ஒட்டிக்கிட்டு இருக்கிறதப் பாக்கக் கெடைச்சா பால் குடிக்கிற மிருகம்ங்கறதுக்கு வேற சாட்சி வேணாம். ஓர்கிட் வீடு, அரச பனை வரிசை எல்லாம் மிச்ச நேரம் இருந்தா பாத்துக்கலாம், எல்லாத்தையும் ஓடி ஓடிப் பாத்தா எதுவும் மனசுல நிக்காது.

பேப்பர் வேலையையும் சொல்லிடுறேன். அதிபர், வலயக் கல்வி அலுவலகம், பெற்றோர் கையெழுத்துன்னு மூணு பக்கமும் எழுத்துல அனுமதி வேணும், நாள் எடுக்கும், ஒரு மாசத்துக்கு முந்தியே தொடங்குங்க. ஹட்டன், நுவரெலியா பக்கம் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை, அதனால பெப்ரவரி, மார்ச் பாத்துப் போடுங்க. வளைவு ரோட்டுல வாந்தி எடுக்கிற புள்ளைங்கள முன் சீட்டுல வைங்க. காசு கட்ட முடியாத வீடு இருக்கும், அந்தப் புள்ளைங்க பேரு எல்லாருக்கும் முன்னால வாசிக்கிறது பெரிய பாவம், பெற்றோர் சங்கத்தோட பேசி மொதல்லயே சரிக்கட்டிடுங்க.

பேராதனை முடியாதவங்களுக்கு நுவரெலியாவுக்கு கிட்ட 1861ல சின்கோனா (மலேரியாவுக்கு மருந்து எடுக்கிற மரம்) வளக்கிறதுக்குத் தொடங்கின ஹக்கல பூங்கா இருக்கு, சீதா எலிய அம்மன் கோயில் அதுக்குப் பக்கத்துலயே, அனுமார் தூக்கிட்டுப் போன மலையில ஒரு துண்டு விழுந்த எடம்தான் ஹக்கலன்னு சொல்லுவாங்க. சஞ்சீவி விளையாட்ட அங்க பெருசா வெளையாடலாம்.

அதுக்கும் காசு பத்தாட்டி கோச்சியில ஒரே ஒரு ஸ்டேஷன் போங்க, நான் சொல்றது வேடிக்கை இல்ல. ஹட்டன்ல மூணாம் வகுப்பு டிக்கட் எடுத்து ஏறினா கொட்டகலைக்கு முந்தி சிங்கமலை சுரங்கம். ஏறினதும் ஒரு பயங்கரக் கதையத் தொடங்குங்க, கதவத் தட்டுறது யாருன்னு தெரியாத எடத்துக்கும் சுரங்கத்து வாய்க்கும் சரியா வரணும். இருட்டுக்குள்ள நீங்க பேசாதீங்க. வெளிச்சம் வந்ததும் கதைய அடுத்த புள்ளை தொடரட்டும், அப்படியே ஆளுக்கு ரெண்டு வசனமா கொட்டகலையில எறங்கி திரும்பி வர்ற வரைக்கும் போகும். மொத நாளே ஒருக்கா போய் நேரம் பாத்துக்குங்க, மண்சரிவு காலத்துல கோச்சி ஓடுதான்னும் ஸ்டேஷன்ல கேட்டுக்குங்க. இருட்டுக்குப் பயப்படுற புள்ளைய ஒங்க பக்கத்துல வச்சுக்குங்க, கதவோரம் ஒரு பெரியவர் கட்டாயம்.

ஆறாவது, திரும்பி வந்த பொறகு

அடுத்த நாளே கோர்ட்ட கூட்டுங்க, சூடு ஆற விடாதீங்க. சாட்சிங்க பாத்தத சொல்லட்டும், எழுதுவினைஞர் கொப்பிய வாசிக்கட்டும், மூணு நீதிபதியும் தீர்ப்பு எழுதட்டும். மூணும் மூணு விதமா வந்தா ரொம்ப நல்லது. அதுக்குப் பொறகுதான் புத்தகத்தத் தெறந்து கதையோட முடிவ வாசிக்கணும், கதையில வர்ற தீர்ப்பு பிழைன்னு புள்ளைங்க சண்டைக்கு வந்தா அவங்க சொல்ற முடிவையே எழுதச் சொல்லுங்க.

டெமை பேப்பர மூணு தடவ மடிச்சு நடுவுல வெட்டினா எட்டுப் பக்க குட்டிப் புத்தகம் வரும், பசை கூட வேணாம். அட்டைக்கு பழைய கலண்டர். எழுத்துப் பிழைய சிவப்புப் பேனாவால சுழிக்காதீங்க, தனியா ஒரு துண்டுல எழுதிக் கொடுத்தா அதுங்களே திருத்திக்கும். வீட்டுல அம்மாயி, தாத்தா வௌவால் பத்தி, முனி பத்தி வேற கதை சொல்லுவாங்க, போன்ல வாய்ஸ் ரெக்கோர்ட் எடுத்துட்டு வரச் சொன்னா அதுவும் ஒரு புத்தகம். எல்லாத்தையும் நூல்ல கோர்த்து வகுப்பு சன்னல் கம்பியில தொங்க விடுங்க, அலுமாரிக்குள்ள வைக்காதீங்க, சாவி எப்பவும் வேற யார்கிட்டயாவதுதான் இருக்கும்.