பழைய போர்ஷே 911: பழக்கதோஷத்தால் வரும் தவறுகள்

1963-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் போர்ஷே இந்தக் காரைக் காட்டியபோது அதன் பெயர் 901. நடுவில் சைபர் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் பிரான்சில் தன்னுடையவை என்று பெஜோ நிறுவனம் சொல்ல, மறு ஆண்டே அது 911 ஆயிற்று. பெயர்தான் மாறியது. ஆறு சிலிண்டர்களும் படுத்தவாக்கில் இருக்கும் அந்த எஞ்சின், பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் கிடையாது; காற்றும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். 1989 வரை வந்த இந்தக் கார்களைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவர்கள் பொறுப்பான ஆட்களே. வேறு கார்களில் கற்ற நல்ல பழக்கங்களை அப்படியே இதிலும் செய்துவிடுகிறார்கள்.

ஆயில் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளலாம். மற்ற கார்களில் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்போம். 911-இல் ஆயில் எஞ்சினின் அடியில் தங்குவதில்லை. வலது பின் சக்கரத்தின் அருகே அதற்கென்று தனித் தொட்டி உண்டு. ஒரு பம்ப் அங்கிருந்து எஞ்சினுக்கு அனுப்பும். இன்னொன்று எஞ்சினில் வடிந்ததை உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பும். வண்டி நின்ற பிறகு தொட்டியில் இருப்பது மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடுவதால், ஆறிய காரில் டிப்ஸ்டிக் காய்ந்தே வரலாம். புது உரிமையாளர் பதறிப்போய் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஊற்றுவார். அப்புறம் எஞ்சின் ஓடித் தொட்டி நிரம்பியதும், மிஞ்சியது காற்றோட்டக் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பக்கம் போய்ச் சேரும். பின்னால் புகை மண்டலம். நன்றாக ஓட்டி ஆயில் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பதுதான் முறை. டாஷ்போர்டில் ஆயில் அளவு காட்டும் முள் உள்ள மாடல்களிலும் இதே கதைதான். ஓடும்போது அது கீழே படுத்துக்கொள்ளும், பயம் வேண்டாம். ஆயில் பிரஷர் காட்டும் முள் வேறு. அது படுத்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

சில நாள் சும்மா நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் நீலப் புகை வந்து அடங்கினால், அதுவும் இந்தப் படுத்த எஞ்சினின் சுபாவம். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் போர்ஷேயே ஒரு முறை சறுக்கியது. 1972 மாடலில் தொட்டியைப் பின் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஆயில் ஊற்றும் வாய்க்கு வலப்பக்க வெளி உடலிலேயே ஒரு மூடி வைத்தார்கள். பார்க்க அச்சு அசல் பெட்ரோல் மூடி. பங்க் ஊழியர்கள் அதைத் திறந்து ஆயில் தொட்டியில் பெட்ரோலை நிரப்பிய கதைகள் ஏராளம். அடுத்த மாடலிலேயே அந்த மூடி காணாமல் போனது. பெட்ரோல் வாய் இருப்பது முன்னால், இடப்பக்கம். 1972 கார் வைத்திருப்பவர் பங்க்கில் காரை விட்டு இறங்கி நிற்பது நல்லது.

ஆயில் மாற்ற ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். செலவைப் பார்த்து, இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. போர்ஷே தன் பழைய கார்களுக்கென்றே இரண்டு ஆயில்கள் விற்கிறது: 2.7 லிட்டர் வரையிலான எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 என்ற தடிமன், 3.0 லிட்டர் முதல் 10டபிள்யூ-60. அதே நிறுவனத்துடையதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, தடிமனையும் தரத்தையும் பார்த்து வாங்கினால் போதும்.

ஆபத்து அதிகமான தவறு பேட்டரி விளக்கில் நடக்கிறது. வேறு எந்தக் காரிலும் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால், வீடு வரை ஓட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். இந்த 911-களில் ஆல்டர்னேட்டரும் எஞ்சினைக் குளிர்விக்கும் பெரிய விசிறியும் ஒரே தண்டில் இருக்கின்றன. இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் விளக்கு எரியும், விசிறியும் நின்றுபோகும். வீடு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் வெந்துவிடும். ஆகவே விளக்கு எரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெல்ட்டின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே மெல்லிய வளையத் தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்ய வேண்டும். அவற்றைத் தொலைத்துவிடாதீர்கள், ஒரு புது பெல்ட்டும் காரிலேயே இருக்கட்டும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் விளிம்புகளையும் அழகுக்காகவோ சோம்பலாலோ கழற்றிப் போடுவதும் இதே ரகம்தான். கீழே இருக்கும் சூடான காற்று மறுபடி மேலே ஏறாமல் தடுப்பது அவைதான்.

ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். 1960-களின் 911-க்கு அது சரி. 911 எஸ்சி மாடல் போன்று 1983 வரை கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனோடு (பெட்ரோலைத் தானே தெளிக்கும் அமைப்போடு) வந்தவற்றில் கால் பெடலில் படவே கூடாது. குளிர்ந்த எஞ்சின் உள்ளுக்குள் ஒரு பேக்ஃபயர் அடித்தால் (எரிபொருள் தப்பான நேரத்தில் வெடித்தால்), காற்று உள்ளே போகும் பிளாஸ்டிக் பெட்டியான ஏர்பாக்ஸ் பிளந்துவிடும், எஞ்சினைச் சரியாக ஓடவிடாது. அந்த அழுத்தத்தை வெளியே விட, ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு மூடியைப் பலர் பொருத்துகிறார்கள். விலை சொற்பம். பழைய கார் வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீட்டரையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தண்ணீர் இல்லாத எஞ்சின் என்பதால், சூடான புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் உள்ளே அனுப்பப்படுகிறது. அந்த உறை துருப்பிடித்து ஓட்டையானால் புகையும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே உள்ளே வரும். ஹீட்டர் போட்டால் தலை வலிக்கிறது என்றால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டுவதில் ஒன்றுதான் முக்கியம். வளைவுக்குள் வேகம் கூடிவிட்டது என்று பட்டதும் எல்லாருக்கும் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழும். அப்படி விட்டால் எடை முன்னால் சாய்ந்து, பின் டயர்களின் பிடி தளர்ந்து, எஞ்சினின் கனமே காரைச் சுழற்றிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே குறைக்க வேண்டும். வளைவுக்குள் கால் சீராக இருக்க வேண்டும். போர்ஷேக்கும் இது தெரியும். ஆரம்பக் கார்கள் சிலவற்றில் முன் பம்பரின் ஓரங்களில் இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். 1969 மாடலில் சக்கரங்களுக்கிடையே 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். அப்படியும் 1975-இல் 260 குதிரைத்திறனோடு வந்த டர்போ பலரை மிரட்டியது, காரணம் அதன் சக்தி தாமதித்து மொத்தமாக வந்து இறங்கும். குறைவாக ஓடும் காரில் டயர் தேயாது, ஆனால் கிழடாகும். பக்கவாட்டில் பொறித்த நாலு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பின் டயர்களுக்கு முன்னதைவிட அதிகக் காற்று வேண்டும். பங்க்கில் நாலுக்கும் ஒரே அளவு போட்டால் காரின் குணமே மாறிவிடும்.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்குவது எல்லாப் பழைய கார்களுக்கும் பொது. 1976 மாடலிலிருந்து உடல் முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடு, அதற்கு முந்தையவற்றில் துருதான் முதல் எதிரி. கதவடியில் ஜாக் பொருத்தும் இடம், முன்பக்கப் பெட்ரோல் டேங்கைச் சுற்றி, ஹெட்லைட் குழிகள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். 1974 முதல் 1977 வரையிலான 2.7 லிட்டர் எஞ்சின்களில் மெக்னீசிய உடலிலிருந்து சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் பிடுங்கிக்கொண்டு வரும். அதைச் சரிசெய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

கடைசியாக, மாற்றும் ஆசை. 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7 மொத்தம் 1,580 தான் செய்யப்பட்டது, ஆனால் அதன் அடையாளமான வாத்துவால் ஸ்பாய்லரை (பின்மூடியில் வாத்தின் வால்போல் நிமிர்ந்த பாகம்) வைத்த 911-களோ தெருவுக்குத் தெரு நிற்கின்றன. முழுசாக இருந்த எஸ்சி-யை அதற்காக வெட்டியவர்கள் இன்று கையைப் பிசைகிறார்கள், அசல் எஸ்சி-க்கே நல்ல விலை போகிறது. ஜெர்மனியில் 30 வயது கடந்து அசல் நிலையில் இருக்கும் கார்களுக்கு 'ஹெச்' நம்பர் பிளேட் கிடைக்கும், வரி ஆண்டுக்கு 191 யூரோ என்று நின்றுவிடும். காலத்துக்கு ஒவ்வாத மாற்றங்கள் அதையும் பறித்துவிடலாம். மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். கழற்றிய பாகங்களை, சைலன்சர் கிளாம்ப் உட்பட, ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். நாளை காரை வாங்க வருபவர் அந்தப் பெட்டிக்கும் சேர்த்தே விலை பேசுவார்.