ஏ-யிலிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள்: நுழைவுத்தேர்வுக்கு ஆங்கில வொகாபுலரி படிப்பது எப்படி

நானும் முதலில் எல்லோரையும் போல ஒரு பெரிய வார்த்தைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஏ-யிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கியவன்தான். அபேட், அபரேஷன், அப்ஹார், அப்ஜூர் என்று வரிசையாகப் போய், டி எழுத்து வருவதற்குள் மூச்சு வாங்கி, இரண்டு வாரம் அப்படியே போட்டுவிட்டுத் திரும்ப வந்தால் எல்லாம் மறந்திருக்கும், அதனால் மறுபடியும் ஏ. இப்படி மூன்று முறை. ஏ-யில் தொடங்கும் வார்த்தை எதைக் கேட்டாலும் சொல்வேன், டி-க்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அதிலும் தணிவது அபேட்டா, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பது அபெட்டா என்று கடைசி வரை குழப்பம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததுதான் காரணம். அகர வரிசை என்பது வார்த்தையைத் தேடுவதற்காக ஏற்பட்டது. படிப்பதற்கு அதைப்போல மோசமான வரிசை வேறில்லை.

தேர்வே மாறிவிட்டது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி (SAT) தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இதற்கு இது போல அதற்கு எது' என்று கேட்கும் ஒப்புமைக் கேள்விகளை 2005-லேயே எடுத்துவிட்டார்கள். யாரும் பேசாத அபூர்வ வார்த்தைகளை வைத்துக் கோடிட்ட இடம் நிரப்பச் சொன்ன பழைய பகுதியும் 2016-ல் போய்விட்டது. இப்போதைய டிஜிட்டல் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 54 கேள்விகள், 64 நிமிடங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 வார்த்தைகள் கொண்ட குட்டிப் பத்தி ஒன்று. அதில் ஒரு வகை, அந்தப் பத்திக்குள் எந்த வார்த்தை பொருந்தும் என்று கேட்பது. ஆகவே ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில் உட்காரும், எந்த இடத்தில் உட்காராது என்பது தெரிய வேண்டும்.

தமிழில் யோசிக்கும் நமக்கு ஒரு தனிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. வேக், அப்ஸ்க்யூர், ஆம்பிக்யுவஸ், இந்த மூன்றுக்கும் நோட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். மூன்றுக்கும் 'தெளிவற்ற' என்று இருக்கும். நாலு விடைகளில் இரண்டு 'தெளிவற்ற' வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? பிடிகொடுக்காமல், விவரம் எதுவும் சொல்லாமல் மழுப்பினால் அது வேக். ரொம்பப் பேருக்குத் தெரியாமல் எங்கோ மறைந்து கிடந்தால் அப்ஸ்க்யூர். அப்ஸ்க்யூர் கவிஞர் என்றால் பெயர் வெளியே தெரியாத கவிஞர். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள முடிந்தால் ஆம்பிக்யுவஸ், நம் சிலேடையைப் போல. ஆக, ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. தமிழில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வரியாக, ஒரு காட்சியாக எழுதுங்கள். ஃப்ரூகலுக்குச் 'சிக்கனம்', மைசர்லிக்குக் 'கஞ்சத்தனம்' என்று எழுதினால் அதிலேயே பாராட்டும் திட்டும் தெரிந்துவிடுகிறது, பாருங்கள். அந்தத் தொனியும் அர்த்தத்தில் சேர்த்திதான், அதனால் ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

சரி, எப்படிப் படிப்பது? கையளவு அட்டைகள் போதும், போனில்தான் வேண்டும் என்றால் அன்கி மாதிரி செயலி. முன்பக்கம் வார்த்தையைத் தனியாக எழுதாமல், அது வரும் ஒரு முழு வாக்கியத்தை எழுதி, வார்த்தையின் கீழ் கோடு போடுங்கள். பின்பக்கம் உங்கள் சொந்த வரியில் அர்த்தம், தொனிக் குறி, கூடவே அந்த வார்த்தை யாரோடு சேர்ந்து நடக்கும் என்பது. மிட்டிகேட் என்றால் 'குறைப்பது' என்று மட்டும் எழுதினால் விலையை மிட்டிகேட் செய்தார்கள் என்று எழுதத் தோன்றும். ஆபத்து, பாதிப்பு, சேதம் மாதிரியான கெட்டவற்றைத்தான் அது குறைக்கும். (வார்த்தையை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். நான் இங்கே தமிழில் எழுதுவதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள், ஸ்பெல்லிங் கண்ணில் பதியாது.) வாக்கியத்தை நல்ல அகராதியிலிருந்து எடுங்கள், கற்பவர்களுக்கென்றே வரும் ஆங்கில அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைய இருக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. ஐம்பது வேண்டாம். ஐம்பது படிப்பது கஷ்டமில்லை, ஆனால் அந்த ஐம்பதையும் நாளைக்கும் பார்க்க வேண்டும், மூன்று நாள் கழித்தும் பார்க்க வேண்டும், அதற்குள் அடுத்த நூறு வந்து வரிசையில் நிற்கும், பத்தாவது நாள் கடையை மூடிவிடுவீர்கள். படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885-ல் எழுதிவைத்தார். மறதி முதல் ஒரு நாளுக்குள்தான் சரசரவென்று நடக்கிறது, அப்புறம் வேகம் குறைகிறது. அதனால் மறுநாள் கட்டாயம் பார்க்க வேண்டும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதைக் கையால் செய்ய எளிய வழி லைட்னர் பெட்டி. ஐந்து அறை உள்ள ஒரு பெட்டி. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் நேராக முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, மற்றதை அதற்கும் தள்ளி. ஒரே நிபந்தனை, பின்பக்கம் திருப்புவதற்கு முன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு 'ஆங், இது தெரியும்' என்று தலையாட்டுவது கணக்கில் வராது.

வேர்ச்சொற்கள் உதவும். லத்தீனில் லொக்வி என்றால் பேசுவது, அதிலிருந்துதான் ஓயாமல் பேசும் லொக்வேஷஸ், சொல்வன்மையுள்ள எலக்வென்ட், பேச்சுவழக்கான கலோக்வியல் எல்லாம். ஸ்பெக் என்றால் பார்ப்பது. நாலு பக்கமும் பார்த்து நடப்பவர் சர்கம்ஸ்பெக்ட். ஐம்பது வேர் தெரிந்தால் நிறைய வார்த்தைகளை ஊகிக்கலாம். ஆனால் இதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பே போட முடியாத அளவுக்கு உயர்ந்தது. எனர்வேட் என்பது எனர்ஜி போலக் கேட்கும், அர்த்தமோ நேர் எதிர், சக்தியை உறிஞ்சுவது.

இன்னொரு விஷயம், என் கணக்கில் இதுதான் அதிக மதிப்பெண்ணைத் தின்பது. கஷ்டமான வார்த்தை பயமுறுத்தும், அதனால் உஷாராக இருப்போம். தெரிந்த வார்த்தைதான் கழுத்தறுக்கும். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது, சரி, ஆனால் கட்டுரைகளில் ஒரு கருத்தைக் குவாலிஃபை செய்தார் என்றால் 'ஆனால் இந்தச் சந்தர்ப்பத்தில் மட்டும்' என்று வரம்பு கட்டினார் என்று பொருள். சாம்பியன் வினைச்சொல்லாக வந்தால் ஒன்றுக்காக முன்நின்று வாதாடுவது. செக் என்றால் தடுத்து நிறுத்துவது, நாவல் என்றால் புதுமையானது. சாங்ஷன் இன்னும் மோசம், அனுமதி கொடுப்பதும் அதுதான், தண்டனைத் தடை போடுவதும் அதுதான். இந்த மாதிரி வார்த்தைகளுக்குத் தனி நிறத்தில் அட்டை போடுங்கள்.

இவை கண்ணில் பட வேண்டும் என்றால் வாசித்தாக வேண்டும். அறிவியல் கட்டுரை, பத்திரிகைத் தலையங்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை, எதுவானாலும் தினம் இருபது நிமிடம். தெரியாத வார்த்தை வந்தால் உடனே அகராதிக்கு ஓடாமல், பென்சிலால் குறித்து, ஓரத்தில் உங்கள் ஊகத்தை எழுதிவிட்டு மேலே போங்கள். முடித்த பிறகு சரிபாருங்கள். ஊகம் தப்பாகப் போன வார்த்தை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

தேர்வில் உட்கார்ந்ததும் முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். 'அவருடைய ஆரம்பக் கட்டுரைகள் நறுக்கென்று இருந்தன. பிற்காலத்தில் எழுதியவையோ ______' என்று ஒரு பத்தி வந்தால், அந்த 'யோ' தான் சாவி. ஆங்கிலத்தில் அதன் இடத்தில் ஹவெவர், ஆல்தோ, யெட் வரும். கோடிட்ட இடத்தில் தமிழிலேயே 'வளவள' என்று மனதில் எழுதிவிட்டு, பிறகு கையை எடுத்தால் வெர்போஸ் தானாகக் கண்ணில் படும். விடைகளை முதலில் பார்த்தால் நாலுமே சரி போலத் தோன்றும், அப்படித்தான் அவற்றை எழுதியிருப்பார்கள்.

கடைசி வாரம் புது வார்த்தை எதுவும் வேண்டாம். முதல் அறையை விட்டு நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இருபது முப்பது அட்டைகள் எல்லோருக்கும் இருக்கும், அவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். எனக்கு எனர்வேட் கடைசி நாள் வரை முதல் அறையிலேயே இருந்தது. தேர்வில் அது வரவும் இல்லை.