வீட்டு எஸ்பிரெசோவுக்கு ஏற்ற காபி வறுப்பவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எஸ்பிரெசோவில் கொட்டையின் குறையை மறைக்க வழியில்லை. ஏறத்தாழ 18 கிராம் தூளின் வழியே, 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய நீரை 9 பார் அழுத்தத்தில் செலுத்தி, 25 முதல் 30 வினாடிகளில் 36 கிராம் அளவுக்குச் சாறு இறக்கும்போது, கொட்டையில் உள்ள நல்லதும் கெட்டதும் செறிந்து ஒரே மிடறில் நாவுக்கு வந்துவிடுகின்றன. காகித வடிகட்டியில் மெதுவாக வடிக்கும் காபியில் சற்றுப் பழைய கொட்டையையோ அவசரமாக வறுத்த கொட்டையையோ ஓரளவு சமாளித்துவிடலாம். எஸ்பிரெசோவில் அது நடப்பதில்லை. மெஷினையும் கிரைண்டரையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து வாங்குபவர்கள், அந்த அக்கறையில் ஒரு பகுதியைக் கொட்டையை வறுத்துத் தருபவரைத் தேடுவதிலும் காட்டினால், அதன் பலன் முதல் வாரத்திலேயே கோப்பையில் தெரியும்.

வறுப்பவர் அருகில் இருக்கிறார் என்பதாலேயே அவருடைய காபி நன்றாக இருந்துவிடாது. அருகாமையால் கிடைக்கும் பயன் வேறு. எந்த நாளில் வறுத்தார் என்பதைக் கேட்டு அறியலாம். சந்தேகங்களை நேரில் கேட்கலாம். சரியாக வராத காபியைப் பற்றி அவரிடமே போய்ச் சொல்லலாம். அதே காபியைச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் வாங்கி ஒப்பிடலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒரு பை நன்றாக அமைவது தற்செயலாகவும் நேரலாம். அடுத்தடுத்த வறுப்புகளிலும் அதே சுவையைத் தருபவர்தான் வீட்டு எஸ்பிரெசோவுக்கு உரியவர்.

முதலில் உங்கள் தேவையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். பாலுடன் குடிக்கப்போகிறீர்களா, பால் இல்லாமலா? உங்கள் கிரைண்டரும் மெஷினும் எந்த அளவு வரை ஒத்துழைக்கும்?

பாலுடன் குடிப்பவர்களுக்கு நடுத்தர வறுப்பிலிருந்து சற்று அடர்ந்த வறுப்பு வரை பொருந்தும். கோகோ, வறுத்த பருப்பு, காய்ச்சிய சர்க்கரை போன்ற சுவைகள் பாலைத் தாண்டி மேலே வரும். மென்மையான பழப் புளிப்பும் பூ மணமும் பாலில் பெரும்பாலும் அமுங்கிவிடும். பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு இளம் வறுப்பு பல புதிய சுவைகளைத் திறந்துகாட்டும். ஆனால் இளம் வறுப்புக் கொட்டை கெட்டியானது, அதிலிருந்து சாற்றை எடுப்பது கடினம். அதற்கு மிக நுண்ணிய அரைப்பும், சூடு கூடுதலான நீரும், 18 கிராம் தூளுக்கு 45 முதல் 54 கிராம் வரையிலான நீண்ட சாறும் தேவைப்படலாம். வெப்பநிலையை மாற்ற முடியாத சிறிய மெஷினும், பெரிய பெரிய படிகளாக மட்டுமே அரைப்பை மாற்றும் கிரைண்டரும் வைத்திருப்பவர் இளம் வறுப்பை வாங்கினால், புளித்த சாற்றைக் குடித்துவிட்டு வறுப்பவர்மேல் குறை காண நேரும். அத்தகைய கருவிகள் உள்ளவர்கள் நடுத்தர வறுப்பில் தொடங்குவதே நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பையில் 'எஸ்பிரெசோ' என்று அச்சிட்டிருப்பதால் அது தனி வகைக் கொட்டை ஆகிவிடாது. எந்தக் கொட்டையிலும் எஸ்பிரெசோ இறக்கலாம். அந்தச் சொல், வறுப்பவர் எஸ்பிரெசோவை மனத்தில் வைத்து வறுப்பையோ கலவையையோ முடிவுசெய்தார் என்பதை மட்டுமே குறிக்கிறது. அப்படி முடிவுசெய்தவருக்கு அதன் காரணத்தைச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

வறுத்த தேதி

பையைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது வறுத்த தேதி. 'இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்துக' என்ற வரி மட்டும் இருந்தால், கொட்டை வறுத்து ஒரு வாரமானதா, எட்டு மாதமானதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. எஸ்பிரெசோவுக்காக வாங்குபவர் அத்தகைய பையை வைத்துவிட்டு வருவதே சரி.

அதே வேளையில், இன்று காலை வறுத்ததுதான் மிகச் சிறந்தது என்ற எண்ணமும் பொருந்தாது. வறுக்கும்போது கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு உருவாகித் தேங்குகிறது. அது பல நாட்களுக்கு மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். பைகளில் ஒருவழி வால்வு வைப்பது இதற்காகத்தான். வறுத்து ஓரிரு நாளே ஆன கொட்டையில் எஸ்பிரெசோ இறக்கினால், வாயு நீரை எதிர்த்துத் தள்ளும். சாறு சீராக இறங்காது. மேலே பெரிய குமிழிகளுடன் உப்பிய கிரீமா, அதாவது எஸ்பிரெசோவின் மேல் படியும் பழுப்பு நுரை, தோன்றிச் சற்று நேரத்தில் கலைந்துவிடும். சுவையிலும் ஒரு கூர்மை இருக்கும். அடர் வறுப்புக்கு 5 முதல் 7 நாட்கள், நடுத்தர வறுப்புக்கு 7 முதல் 10 நாட்கள், இளம் வறுப்புக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ பொறுத்திருப்பது பொதுவான வழக்கம். ஆகவே நாலைந்து நாட்களுக்கு முன் வறுத்த பை கிடைத்தால் அதுவே நல்ல சமயம். வீட்டில் ஓய்வுக்கு வைத்துவிட்டு, பழைய பை தீரும்போது திறக்கலாம். "எத்தனை நாள் கழித்துத் திறக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். தன் கொட்டையை எஸ்பிரெசோவாகத் தானே இறக்கிக் குடித்துப் பார்ப்பவர் ஒவ்வொரு காபிக்கும் தனித்தனி விடை வைத்திருப்பார்.

கடையில் கேட்க வேண்டியவை

நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: "இந்தக் காபியை நீங்கள் எத்தனை கிராம் போட்டு, எத்தனை கிராம் சாறு, எத்தனை வினாடியில் எடுக்கிறீர்கள்?" இதற்கு எண்களில் விடை வர வேண்டும். '18 கிராமுக்கு 38 கிராம், 28 வினாடி, 93 டிகிரி' என்று சொல்லும் வறுப்பவரிடம் நீங்கள் வாங்குவது கொட்டையோடு ஒரு தொடக்கப் புள்ளியும்தான். வீட்டு நீரும் கிரைண்டரும் வேறு என்பதால் அந்த எண்களிலிருந்து சற்று விலக நேரும். ஆனாலும் எங்கிருந்து விலகுகிறோம் என்பது தெரிந்திருக்கும். 'நன்றாகத்தான் வரும், போட்டுப் பாருங்கள்' என்ற விடையை வைத்துக்கொண்டு வீட்டில் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து, வாரத்தில் எந்தெந்த நாட்களில் வறுக்கிறார் என்று கேளுங்கள். குறித்த நாட்களில் ஒழுங்காக வறுப்பவரிடம் உங்கள் வாங்கும் நாளைப் பொருத்திக்கொள்ளலாம். பச்சைக் கொட்டை, அதாவது இன்னும் வறுக்காத கொட்டை, எந்த அறுவடையைச் சேர்ந்தது என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. பச்சைக் கொட்டையும் மூப்படையும்; அறுவடையாகி ஓராண்டைத் தாண்டியதில் காகிதமும் மரமும் கலந்தாற்போன்ற ஒரு வறட்டுச் சுவை ஏறத் தொடங்கும், எவ்வளவு திறமையாக வறுத்தாலும் அது போகாது.

கலவையாக இருந்தால் அதில் என்னென்ன இருக்கின்றன என்று கேளுங்கள். காபியில் அராபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய இனங்கள் உண்டு. ரோபஸ்டா கலந்திருப்பது குறையன்று. அதில் காஃபின் அராபிகாவைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கிரீமா தடிப்பாக அமையும். பாலில் நன்றாக எடுபடும். தரமான ரோபஸ்டாவை அளவாகச் சேர்த்து, விகிதத்தையும் மறைக்காமல் சொல்லும் வறுப்பவரை நான் மதிக்கிறேன். 'முழுக்க அராபிகா' என்ற வாசகம் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. அராபிகாவிலும் மோசமான கொட்டை நிறையவே உண்டு. 'ஸ்பெஷாலிட்டி' என்ற சொல்லையும் அளவறிந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். 100 மதிப்பெண் அளவுகோலில் 80 அல்லது அதற்கு மேல் பெற்ற காபியை அப்படி அழைப்பது வழக்கம். அந்த மதிப்பெண் பச்சைக் கொட்டையின் தரத்துக்கு உரியது. அதே கொட்டையை உங்கள் கடைக்காரர் எப்படி வறுத்திருக்கிறார் என்பதை அது சொல்லாது.

அங்கேயே ஒரு ஷாட் (ஒரு முறை இறக்கிய எஸ்பிரெசோ) குடித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் அதை வைத்தே முடிவெடுத்துவிடக் கூடாது. கடையின் மெஷினும் கிரைண்டரும் வடிகட்டிய நீரும் உங்கள் வீட்டில் இருக்கப்போவதில்லை. கொட்டையாகவே வாங்குங்கள். அரைத்துத் தரச் சொன்னால், எந்த மெஷின், எந்த வகை பாஸ்கெட் (தூளை இட்டு அமுக்கும் துளையிட்ட கிண்ணம்) என்று கேட்காமலேயே அரைத்துக் கொடுப்பவர் எஸ்பிரெசோவைப் பற்றி அதிகம் யோசிக்காதவர். அழுத்தம் ஏற்றித் தரும் இரட்டைச் சுவர் பாஸ்கெட் அரைத்த தூளை ஓரளவு ஏற்கும். சாதாரண பாஸ்கெட்டில் கொட்டை ஒவ்வொரு நாளும் மாறுவதற்கு ஏற்ப அரைப்பையும் மாற்ற வேண்டியிருப்பதால், முன்கூட்டியே அரைத்த தூளால் பயனில்லை.

வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி

வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடிக் கொட்டையை வெள்ளைத் தட்டில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் நிறையத் தெரியவரும்.

நிறம் பெரும்பாலும் ஒரே சீராக இருக்க வேண்டும். பல நிறங்கள் தெரிவது கலவை என்பதாலும் இருக்கலாம், எனவே ஒரே தோட்டத்துக் காபியில்தான் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மற்றவை நன்றாகப் பழுப்பேறியிருக்க, ஒன்றிரண்டு மட்டும் வெளிறி மஞ்சள் தோய்ந்து கிடந்தால், அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. அவற்றில் சர்க்கரை குறைவு என்பதால் வறுப்பில் நிறம் ஏறுவதில்லை. ஒன்றை எடுத்து மென்று பார்த்தால் காய்ந்த வேர்க்கடலைத் தோலின் சுவை வரும். ஒன்றிரண்டைப் பொறுக்கிப் போட்டுவிடலாம். ஒவ்வொரு பிடியிலும் நாலைந்து வந்தால், பச்சைக் கொட்டையை வாங்கும்போதும் வறுத்த பிறகும் தரம் பிரிப்பதில் கவனமில்லை என்று பொருள். கொட்டையின் முனைகளில் மட்டும் கருகல் இருந்தாலோ, தட்டையான பக்கத்தில் கரும் திட்டுகள் இருந்தாலோ, கொட்டையை வறுக்கும் டிரம்மின் சூடு தேவைக்கு மேல் இருந்திருக்கிறது.

இனி ஒரு கொட்டையை இரண்டாக உடையுங்கள். நன்றாக வறுபட்டது மொறுமொறுவென்று உடையும். வெளிப்பக்கம் அடர்ந்தும் உட்பக்கம் மிக வெளிறியும் இருந்தால் வறுப்பை விரைவுபடுத்தியிருக்கிறார்கள். கடிக்கும்போது ரப்பர் போல இழுத்து, பச்சைத் தானியம் அல்லது வைக்கோல் மணம் வந்தால் உள்ளே வேகவில்லை. எஸ்பிரெசோவில் இது எந்த அரைப்பாலும் திருத்த முடியாத புளிப்பாக வெளிப்படும்.

மேலே எண்ணெய் பளபளப்பதைப் புதுமையின் அடையாளமாக எண்ணுபவர்கள் பலர். வறுக்கும்போது கொட்டை இரண்டு கட்டங்களில் சத்தத்துடன் வெடிக்கும்; முதல் வெடிப்பு ஏறத்தாழ 196 டிகிரியிலும் இரண்டாம் வெடிப்பு 224 டிகிரியை ஒட்டியும் கேட்கும். இரண்டாம் வெடிப்பைத் தாண்டி வறுத்தால் கொட்டையின் அமைப்பு சிதைந்து எண்ணெய் வெளியே வரும். அந்த எண்ணெய் காற்றில் விரைவாகக் கெடும். கிரைண்டரிலும் படிந்து சிக்கும். அடர்ந்த சுவை பிடித்தவர்கள்கூட எண்ணெய் சொட்டும் நிலைக்கு முன்பே நிறுத்திய வறுப்பைத் தேடுவது நல்லது.

சோதனை வாங்கல்

250 கிராம் பையில், 18 கிராம் வீதம், 13 ஷாட் கிடைக்கும். புதிய கொட்டைக்குக் கிரைண்டரைப் பொருத்துவதற்குள் மூன்று நான்கு ஷாட் போய்விடும். மீதியை வைத்து ஒரு காபியை அறிந்துகொள்ளலாம்; ஒரு வறுப்பவரை மதிப்பிட அது போதாது. ஆகவே சோதிக்கும்போது ஒரே கடையில் நாலு வகையை வாங்காமல், ஒரே காபியில் இரண்டு பை வாங்குங்கள். அதன்பின் மூன்று நான்கு வாரம் கழித்து, வேறு தேதியில் வறுத்த அதே காபியை மீண்டும் வாங்குங்கள். தூளின் எடையையும் சாற்றின் எடையையும் மாற்றாமல், அரைப்பை மட்டும் நகர்த்திச் சாற்றுநேரத்தைச் சரிசெய்து, எந்தப் படியில் சரியாக வந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

புதிய பையும் அதே நாட்கள் ஓய்வெடுத்த பிறகு, பழைய படிக்கு அருகிலேயே, அதே சுவையைத் தந்தால் வறுப்பவர் தன் வேலையை அளந்து செய்கிறார். அரைப்பை வெகுதூரம் நகர்த்த வேண்டியிருந்தால், அல்லது சென்ற முறை கோகோவாக இருந்தது இம்முறை கருகலாக இருந்தால், வறுப்பு நிலை மாறியிருக்கிறது. ஒரு முறை இப்படி நேர்ந்தால் போய்ச் சொல்லிப் பாருங்கள். எந்தத் தொகுதி என்று கேட்டு, தன் வறுப்புக் குறிப்பை எடுத்துப் பார்க்கும் வறுப்பவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் நாக்கின்மேல் பழியைப் போடுபவரிடம் மூன்றாவது பை வாங்க வேண்டியதில்லை.

குறை யாருடையது என்று முதலில் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். புளிப்பு, நுண்ணிதாக அரைத்து நீளமாக இறக்கியதும் இனிப்பாக மாறினால், அது நம் பக்கத்துப் பிழை. கசப்பு, சற்றுப் பெரிதாக அரைத்ததும் தணிந்தால் அதுவும் நம்முடையதே. என்ன செய்தாலும் சாம்பல் சுவை, பச்சைத் தானியச் சுவை, அல்லது வேகவைத்த மாவுபோல் உயிரற்ற சுவை போகவில்லை என்றால் அது வறுப்பில் வந்தது.

தேர்ந்தெடுத்த பின், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போகாத அளவுக்கு மட்டும் வாங்குங்கள். திறந்த பையைக் காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சமும் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். அன்றாடம் எடுக்கும் கொட்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். கூடுதலாக வாங்க நேர்ந்தால், ஓய்வுக்காலம் முடிந்ததும் ஒரு வாரத்துக்கு ஆகும் சிறு பொட்டலங்களாகக் காற்றில்லாமல் அடைத்து உறையறையில் வைத்துவிடலாம். வெளியே எடுத்ததும், அறையின் சூட்டுக்கு வரும் வரை பொட்டலத்தைத் திறக்காமல் இருந்தால் கொட்டையில் ஈரம் படியாது.