வெண்டை பயிரிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்திலும் புதுச்சேரி பக்கத்துப் பாகூரிலும் புதிதாக வீட்டுத் தோட்டம் போட்டிருப்பவர்கள் சிலர், இந்தச் சித்திரையிலும் மஞ்சளான வெண்டை இலையைப் படமெடுத்து அனுப்பி, என்ன உரம் வைக்கலாம் என்று கேட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் கேட்டேன். தண்ணீர், வெயில் பற்றி எவரும் சொல்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயைச் சத்துக்குறை என்று எண்ணுவது

அந்த ஆண்டு மாசியில், கடையில் கிடைத்த பூசா சவானி விதையை இரண்டு சென்ட் நிலத்தில் ஊன்றினேன். வெளியான காலத்தில், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயான மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கிய அந்த ரகம், பின்னாளில் அத்திறனை இழந்துவிட்டது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் வரப்போரச் செடி ஒன்றின் நரம்புகள் வலைபோல மஞ்சளாயின. இரும்புச்சத்துக் குறைவு என்று, அச்சத்தைத் தரும் உப்பான அன்னபேதியைக் கரைத்துத் தெளித்தேன். பலனில்லாததால் யூரியாவும் வைத்தேன். தளிர் கொழுத்தது, வெள்ளை ஈ பெருகியது, அந்த ஒரு செடியிலிருந்த வைரஸ் வரிசை வரிசையாகப் பரவியது. காய்கள் வெளிறிச் சிறுத்து, சமைக்கவும் உதவாமல் போயின. முதல் செடியை அன்றே பிடுங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

இரும்புச்சத்து குறைந்தால் இளந்தளிரில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். தேமலிலோ நரம்புதான் முதலில் மஞ்சளாகும். நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பிடுங்கிப் புதைத்துவிட்டு, மற்றச் செடிகளின் இலையடியில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்து, வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்க வேண்டும். விதை வாங்கும்போதே, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டினத்தோடு கலந்து உருவாக்கிய அர்கா அனாமிகா, அல்லது பர்பானி கிராந்தி போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தைக் கேளுங்கள். அவையும் முழுக் காப்பு அல்ல என்பதால், வெள்ளை ஈயைக் கண்காணிப்பதை விடக்கூடாது.

வீரிய ஒட்டுச் செடியில் விதை எடுப்பது

எடுக்காதீர்கள், இரு பெற்றோர் வகைகளைக் கலந்து உருவாக்கிய செடி என்பதால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது.

நெருக்கி ஊன்றுவது

வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விடுங்கள்.

ஐப்பசியில் தாழ்ந்த பாத்தியில் விதைப்பது

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம் அது. வேரடியில் நீர் தேங்கினால் வெண்டை தாங்காது. மேட்டுப்பாத்தி இல்லையென்றால் தை கழியும்வரை பொறுத்திருங்கள்.

காயை முற்ற விடுவது

பூத்து ஆறேழு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். நுனியை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் இழுத்தால் முற்றிவிட்டது. முற்றிய காய் நின்றால் புதுப்பூ குறைந்துவிடும் என்பதால், சமையலுக்கு வேண்டாத நாளிலும் அதை அறுத்துவிடுங்கள்.