ரன்டைம் எரர் 200: சேரின் இறால் விளையாட்டு திரும்ப ஓடிய விதம்

கல்லடியில் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்புச் சேர் டர்போ பாஸ்கல் என்ற பழைய டாஸ் காலத்து நிரல்மொழியில் எழுதியது, வாவியில் இறால் பிடிக்கும் விளையாட்டு. திரும்ப ஓட வைக்கலாமா என்று கேட்டேன். "தாராளமாச் செய் மகன், என்ட பேர மட்டும் அழிச்சிராத" என்று மூலநிரலையும் தந்துவிட்டார்.

இப்போதைய 64 பிட் விண்டோஸ் இது மாதிரி 16 பிட் புரோகிராமை எடுக்கவே எடுக்காது. பழைய எக்ஸ்பி மெஷினில் போட்டால் திரை ஒருமுறை மின்னி, 'ரன்டைம் எரர் 200'. பூச்சியத்தால் வகுத்தல் என்று அர்த்தமாம். நிரலில் வகுத்தல் வரும் இடமெல்லாம் தேடினேன். ஃபைலைத் திரும்பக் கொப்பி பண்ணினேன். பலனில்லை. கடைசியில், திரை, கீபோர்ட், தாமதம் எல்லாம் கவனிக்க டர்போ பாஸ்கலோடு வரும் சிஆர்டி யூனிட்டை மட்டும் சேர்த்து, வேறொன்றுமே இல்லாத வெற்றுப் புரோகிராம் ஒன்றைக் கம்பைல் செய்தேன். அதிலும் அதே எரர்!

அந்த யூனிட் தொடங்கும்போதே, சுமார் 55 மில்லி செக்கனில் ஒரு லூப் எத்தனை தடவை சுற்றுகிறது என எண்ணி, ஒரு மில்லி செக்கனுக்கு எத்தனை என்று அறிய 55ஆல் வகுக்கிறது. வேகமான சிப்பில் விடை 16 பிட்டுக்குள், அதாவது 65535க்குள், அடங்காது. பூச்சியம் எங்குமே இல்லை. விடை பெருத்தாலும் ப்ராசசர் அதே எரரைத்தான் எழுப்பும்.

பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் புரோகிராமில், வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸை ஃபிக்ஸ்ட் 5000 என்று வைத்தேன், ஓடியது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை, அப்பாடா. ஓடும்போது கண்ட்ரோல் எஃப்12 அழுத்தி வேகம் கூட்ட வேண்டாம். அந்த அளவெடுப்பு தொடக்கத்தில் ஒரு தடவைதான். பிறகு கூட்டினால் இறால் கண்ணுக்கே பிடிபடாது.