பாட்டி முடிந்துவைத்த பழைய காசுகளுக்கு விலை பார்ப்பது எப்படி?

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பித்தளைச் செம்பு கிடைக்கிறது. உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த காசுகள். நாலைந்து வெள்ளி ரூபாய், ஒரு கை ஓட்டைக் காலணா, காந்தி தலை போட்ட பத்து ரூபாய். வீட்டில் ஒருவர் ‘லட்சக்கணக்கில் போகும்’ என்பார். இன்னொருவர் ‘சேட்டு கடையில் எடைக்குப் போடு’ என்பார். காசைக் கையில் எடுத்து வருடம் என்ன, எடை என்ன என்று பார்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு இது. அப்படிப் பார்ப்பதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரிட்டிஷ் இந்தியா, சுதந்திர இந்தியா காசுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் அதிகம் கிடைப்பவை இவைதான்.

முதலில்: கழுவாதீர்கள்

எங்கள் மாமா ஒருவர் ஆசை ஆசையாக இருபது வெள்ளி ரூபாயைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராஜாவின் கன்னம் முழுக்கக் கீறல். விலைப் பட்டியலில் இருப்பதெல்லாம் தேய்க்காத காசின் விலை. தேய்த்த காசுக்கு அந்த விலையைச் சேகரிப்பாளர் யாரும் தரமாட்டார். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் பட வேண்டாம்.

கையில் வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

காசை அடையாளம் காணுங்கள்

விலை பார்ப்பதில் முக்கால்வாசி வேலை இதுதான். அடையாளம் தப்பினால் பட்டியலில் தப்பான வரியைப் படித்துவிட்டு ஏமாறுவோம்.

ஒவ்வொரு காசுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: யார் தலை, மதிப்பு, வருடம், அச்சுச்சாலைக் குறி (எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் சின்ன அடையாளம்), எடை. விக்டோரியா காசில் 1876 வரை ‘குயின்’, 1877 முதல் ‘எம்ப்ரஸ்’ என்று இருக்கும். சுதந்திர இந்தியக் காசில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பம்பாய்க்கு ஒரு சின்னப் புள்ளி. பின்புறம் அடியில் பூ வேலைப்பாட்டை லென்ஸ் வைத்துத் தேடினால்தான் தெரியும்.

எடை பொய் சொல்லாது. பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தது கொஞ்சம் குறையலாம், ஆனால் 9 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1947-ல் அடித்த, புலி போட்ட ரூபாயை நிறையப் பேர் வெள்ளி என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். அது நிக்கல், காந்தம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று எழுதிய காசு இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். கம்பெனி அப்படி எதையும் அடிக்கவே இல்லை. பட்டியல்களில் புழக்கக் காசு என்ற இடம் அதற்குக் கிடையாது. பூஜையறையில் வைத்துக் கும்பிடலாம், நாணயம் என்று விலை பேச முடியாது.

விலைப் பட்டியலைத் திறங்கள்

உலக நாணயங்களுக்கு நெடுநாள் பழக்கத்தில் இருப்பது அமெரிக்காவின் கிராஸ் பட்டியல். ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு தடிமனான புத்தகம். அதனால் 1862 ரூபாய் ஒரு புத்தகத்திலும் 1918 ரூபாய் இன்னொன்றிலும் இருக்கும். ‘இந்தியா பிரிட்டிஷ்’, ‘இந்தியா குடியரசு’ என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. விலையெல்லாம் டாலரில். அதில் ஒவ்வொரு வகைக்கும் கேஎம் எண் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். காசுக்கு ஆதார் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1912 முதல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு கேஎம் 524. இந்த எண் தெரிந்துவிட்டால் எந்த நாட்டு வியாபாரியிடமும் குழப்பமில்லாமல் பேசலாம்.

புத்தகம் வாங்க வேண்டியதில்லை. நுமிஸ்டா இணையதளத்தில் இலவசமாகப் படம் பார்த்து ஒப்பிடலாம், எடை, உலோகம், கேஎம் எண் எல்லாம் இருக்கும். காசுகளைப் பரிசோதித்துத் தரச் சான்று தரும் என்ஜிசி நிறுவனத்தின் உலக நாணய விலைப் பட்டியலும் இணையத்தில் இலவசம். நான் நுமிஸ்டாவில் காசை அடையாளம் கண்டு, என்ஜிசியில் விலையைப் பார்ப்பேன். இரண்டு தளங்களிலும் காட்டும் விலை ரொம்ப வித்தியாசப்பட்டால் ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்று தேடுவேன்.

வகையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே உங்கள் வருடமும் அச்சுச்சாலையும் உள்ள வரிக்குப் போங்கள். ஏன் என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

செம்பில் பெரும்பாலும் 1917 முதல் 1920 வரையிலான ரூபாய்தான் இருக்கும். முதல் உலகப் போர்க்காலம் அது. படைச் செலவுக்கும், இங்கிருந்து வாங்கிய சரக்குக்கும் ரூபாயாகக் கொடுக்க வேண்டியிருந்தது, வெள்ளி போதவில்லை. அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் கொண்டுவந்து, கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கியது. அதில் பெரும்பங்கு பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, ரூபாய் அடிக்க இந்தியாவுக்கு வந்தது. பாட்டி முடிந்துவைத்த ரூபாயில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் விலைக்கு இந்தக் கதை உதவாது. கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 1918-ல் மட்டும் 40 கோடிக்கு மேல் அடித்துத் தள்ளின. இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

அதே தோற்றத்தில் பம்பாயில் அடித்த 1921, 1922 ரூபாய்கள் குறைவு. பட்டியலில் அந்த வரி மட்டும் தனித்து உயர்ந்து நிற்கும். 1911 ரூபாய்க்கு வேறு கதை. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, திரும்பப் பெற்று, அடுத்த வருடம் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதற்கு எண்ணும் வேறு, கேஎம் 523. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இன்னும் அரிது. அதனாலேயே போலியும் அதிகம். உங்களிடம் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் சந்தோஷப்பட வேண்டாம்.

பழமைக்கும் விலைக்கும் நேரடி உறவு கிடையாது. சென்னை ராஜதானிக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ம் வருடச் செம்புக் காசுகளோடு அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் மூழ்கியது. 1980களில் கடலிலிருந்து லட்சக்கணக்கில் அள்ளினார்கள். இருநூறு வருடம் தாண்டிய அந்தக் காசை இன்று சாதாரண ஆள் வாங்கிவிட முடிகிறது.

தரத்தை மதிப்பிடுங்கள்

பட்டியலில் ஒரே காசுக்கு நாலைந்து விலை இருக்கும். ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று இடமிருந்து வலமாக ஏறும். புதியவர்கள் எல்லோரும் வலது ஓரத்து விலையைத்தான் பார்ப்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

ஜார்ஜ் ரூபாயில் கிரீடம், புருவம், அங்கியின் மேல் உள்ள மாலை ஆகிய மேடான இடங்கள்தான் முதலில் தேயும். மாலையின் கண்ணிகள் மழுங்கி, யானை வெறும் மேடாகத் தெரிந்தால் ஃபைன். பெரும்பாலான வேலைப்பாடு தெரிந்து, உச்சிகள் மட்டும் தட்டையாக இருந்தால் வெரி ஃபைன். தேய்மானத்தை லென்ஸில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். எங்குமே தேய்மானம் இல்லாமல், சாய்த்துப் பார்த்தால் அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு சுற்றிவர ஓடினால் மட்டும் அன்சர்குலேட்டட். சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே எழுதுங்கள். ஓரத்தில் பற்றுவைத்த தடமோ வளையம் கோர்த்த தடமோ இருந்தால், எந்த வருடமானாலும் பட்டியல் விலை பொருந்தாது. நம் பக்கம் காசுமாலைக்குப் போன ரூபாய்கள் நிறைய, அதனால் ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

வெள்ளியின் விலையைத் தனியே கணக்கிடுங்கள்

1939 வரையிலான வெள்ளி ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை 50 சதவீதம்தான். 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம், அதாவது 12 கிராம் வெள்ளி.

உங்கள் 1918 ரூபாய் 11.52 கிராம் இருக்கிறது என்போம். 0.917-ஆல் பெருக்கினால் 10.56 கிராம் வெள்ளி. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,056 ரூபாய். இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். பழைய பதிப்புப் புத்தகத்தில் இதைவிடக் குறைந்த விலை போட்டிருக்கலாம். அச்சான காலத்து வெள்ளி விலையில் போட்டது அது. சாதாரண வருடத்துக் காசுக்கு அன்றைய வெள்ளி விலையைத்தான் அடித்தளமாக எடுக்க வேண்டும்.

உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள்

பட்டியல் விலை பொதுவாக ஒரு வியாபாரி நமக்கு விற்கும் விலை. நாம் அவரிடம் விற்கப் போனால் அதைவிடக் குறையும். கடை வாடகையும் அவர் லாபமும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் ஏல நிறுவனங்களின் முடிவுகளும் இணையத்தில் கிடைக்கும். விளம்பரத்தில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. 2012-ல் வந்த வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் அப்படித்தான். வாங்கிக்கொள்கிறேன், முதலில் வரியோ கமிஷனோ கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நூறு வருடத்தைத் தாண்டிய காசைக் கேட்டாலும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது.

நோட்டில் எழுதுங்கள்

ஒரு காசுக்கு ஒரு வரி. என் நோட்டிலிருந்து ஒன்று:

ஐந்தாம் ஜார்ஜ், 1 ரூபாய், 1918, பம்பாய், கேஎம் 524, 11.52 கிராம், வெரி ஃபைன், கழுவாதது, ஓரம் சுத்தம்.

இதற்குப் பக்கத்தில் பட்டியல் விலை, வெள்ளி விலை, கடைசியாக விற்ற விலை என்று மூன்று கட்டங்கள், பார்த்த தேதியோடு. இந்த மூன்றை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அழித்து எழுத வேண்டியது அவற்றைத்தான்.