ஒரு பக்கச் சைனஸும் மேல் கடைவாய்ப் பல்லும்
காரைக்குடி வீட்டு வளவில் கோலமிடக் குனிந்தாலே எனக்கு வலது கன்னம் கனத்து வலிக்கும். வலது மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி இறங்கும். ஆன்டிபயாடிக் மாத்திரையை நிறுத்தியதும் தொல்லை திரும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் இப்படி வந்தால் மேல்பல்லைப் பார்க்க வேண்டும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கும், கன்னத்துக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் காற்றறையான மேல்தாடைச் சைனஸுக்கும் இடையே பெரும்பாலும் மெல்லிய எலும்பே இருப்பதால், வேரில் பிடித்த சீழ் மேலே பரவக்கூடும். முப்பரிமாண ஸ்கேனில், முன்பு அடைத்திருந்த பல்லின் வேர்நுனியில் சீழ்த்தொற்றைக் காட்டும் ஒரு கருவட்டமும், அதற்கு நேர் மேலே தடித்த சைனஸ் சவ்வும் தெரிந்தன. அந்தப் பல் வலிக்கவே இல்லை; நரம்பு செத்த பல் வலிக்காமலே சீழ் வைக்கலாம் என்பதைப் பலரும் அறிவதில்லை என்பது எனக்கு வருத்தமே. வேர் சிகிச்சை முடிந்தபின் முதலில் நாற்றம் நின்றது, கன்னத்தின் கனம் மெல்லக் குறைந்தது. சிலருக்கு அதன்பிறகும் மூக்கு வழியாகக் கேமராக் குழாய் செலுத்திச் சைனஸில் செய்யும் எண்டோஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை தேவைப்படும், எனக்குத் தேவைப்படவில்லை.